காருக்குக் கட்டிய அறை

மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்வதற்கென்று கட்டப்படாத ஓர் அறை, கடந்த நூற்றாண்டில் எழுத்தாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் வணிகர்களுக்கும் பணியிடமாகிப் போன வரலாறு சுவாரசியமானது. காரை நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட கொட்டகையைத்தான் குறிப்பிடுகிறேன். நாம் கார் ஷெட் என்கிறோம். மேலை நாடுகளில் கராஜ் என்கிறார்கள். அதில் ஒரு பகுதியைச் சுவர் வைத்துத் தடுத்து, மேசையும் விளக்கும் போட்டு, வீட்டிலிருந்தபடியே தொழில் பார்க்கும் அலுவலகமாக்கிக் கொள்வது அங்கே வெகுகாலமாக உள்ள வழக்கம். 2020-ல் பெருந்தொற்று அலுவலகங்களின் கதவுகளைச் சாத்தியபோது, இடம் தேடியவர்களின் கண்ணில் முதலில் பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று.

இந்த அறையைச் சுற்றி ஒரு புராணமும் உருவாகியிருக்கிறது. கையில் காசில்லாத இளைஞர்கள் இருவர் கராஜுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக் கொள்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர்கள் வெளியே வரும்போது உலகம் வேறாகியிருக்கிறது. கேட்க இனிமையான கதை. ஆனால் இந்தக் கதையில் கராஜ் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடு வருவதே இல்லை. நினைவுக் குறிப்புகளையும் வாழ்க்கை வரலாறுகளையும் சற்றுப் பொறுமையாகப் படித்தால், ஒவ்வொரு கராஜுக்கும் பின்னால் ஒரு வீடும், அந்த வீட்டில் ஒருவரும் தென்படுகிறார்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

*

கராஜ் என்பது பிரெஞ்சுச் சொல். ஒதுக்குப்புறமாக நிறுத்துதல், காப்பாக வைத்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதற்கு முன் செல்வர்களின் வீடுகளுக்குப் பின்னால் குதிரை லாயமும் வண்டிக் கொட்டகையும் இருந்தன. லாயத்தின் நாற்றம் வீட்டுக்குள் வரக்கூடாதென்று அவற்றைத் தள்ளிக் கட்டினார்கள். குதிரையின் இடத்துக்குக் கார் வந்தபோது நாற்றம் போயிற்று. பெட்ரோல் தீப்பற்றிக் கொள்ளும் என்ற அச்சம் வந்தது. ஆகவே கொட்டகை இருந்த இடத்திலேயே இருந்தது.

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் சிகாகோவில் வடிவமைத்து 1910-ல் முடிந்த ரோபி இல்லத்தில், மூன்று கார்களுக்கான கராஜ் வீட்டோடு சேர்ந்தே கட்டப்பட்டது. அன்றைக்கு அது ஒரு புதுமை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுந்த அமெரிக்கப் புறநகர்களில் அதுவே வழக்கமாயிற்று. கராஜிலிருந்து நேரே வீட்டுக்குள் போக ஓர் உள்கதவும் வந்தது. பல வீடுகளில் அந்தக் கதவு திறப்பது சமையலறைக்குள்.

வீட்டோடு ஒட்டிக்கொண்ட பிறகும் கராஜ் வீடாகிவிடவில்லை. அதன் தளம் வீட்டுத் தளத்தைவிடத் தாழ்ந்திருக்கும். சிந்திய எண்ணெயும் மழைநீரும் வெளியேறும்படி வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். சுவர்களில் குளிரைத் தடுக்கும் அடைப்பு இராது. புகையும் நெருப்பும் வீட்டுக்குள் பரவாதிருக்க, இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் ஜிப்சம் பலகை பதிக்க வேண்டும் என்றும், உள்கதவு கெட்டியானதாக இருக்க வேண்டும் என்றும் அமெரிக்கக் கட்டட விதிகள் சொல்கின்றன. ஆக, கராஜை அலுவலகமாக்க விரும்புகிறவர் சரிந்த தளத்தைச் சமன்செய்து உயர்த்த வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் அடைப்பு வைக்க வேண்டும். புதிதாக மின்கம்பி இழுக்க வேண்டும். காரும் இருந்தாக வேண்டுமென்றால் நடுவே தடுப்புச் சுவரும் எழுப்ப வேண்டும். கார் குளிரைப் பொறுத்துக்கொள்ளும். மேசை முன் எட்டு மணிநேரம் உட்காருபவரால் முடியாது. கராஜில் வேலை செய்தவர்களின் கதைகளில் கணப்படுப்பு அடிக்கடி வருவது தற்செயலானதல்ல.

*

கராஜ்களில் பெரும்புகழ் பெற்றது கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், அடிசன் அவென்யூவில் 367-ஆம் எண் வீட்டின் பின்புறம் இருக்கிறது. 1938-ல் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் டேவிட் பேக்கார்டும் அவர் மனைவி லூசிலும் குடிவந்தார்கள். நண்பர் பில் ஹியூலெட் அப்போது மணமாகாதவர். கொல்லையிலிருந்த சிறு கொட்டகையில் தங்கிக்கொண்டார். மாத வாடகை 45 டாலர். பன்னிரண்டு அடிக்குப் பதினெட்டு அடி அளவுள்ள கராஜ் அவர்களுடைய பட்டறையாயிற்று. முதலீடு 538 டாலர். 1939 ஜனவரி 1 அன்று நிறுவனம் முறைப்படி தொடங்கியது. அவர்கள் செய்த ஒலி அலையியற்றிகளில் எட்டை வால்ட் டிஸ்னி நிறுவனம் வாங்கி, 1940-ல் வெளியான ‘ஃபேண்டேசியா’ திரைப்படத்துக்கான பணிகளில் பயன்படுத்தியது. 1987-ல் கலிஃபோர்னிய மாநிலம் அந்த கராஜை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. சிலிக்கன் பள்ளத்தாக்கின் பிறப்பிடம் என்பது அதற்குத் தரப்பட்ட பட்டம். 2000-ல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் அந்த இடத்தை விலைக்கு வாங்கிப் பின்னர் பழைய நிலைக்குச் சீரமைத்தது.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்த செய்தி. இனி வீட்டுக்குள் வருவோம். லூசில் பேக்கார்ட் அப்போது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மாதந்தோறும் தவறாமல் வீட்டுக்கு வந்த ஊதியம் அவருடையது. மாலையில் திரும்பியதும் புதிய நிறுவனத்தின் கடிதங்களையும் கணக்குகளையும் அவரே கவனித்தார். கருவிகளின் முகப்புத் தகடுகளுக்குப் பூசிய வண்ணத்தைச் சூட்டில் இறுக வைக்க கராஜில் வசதியில்லை. சமையலறையில் லூசிலின் ரொட்டியடுப்பு இருந்தது. தகடுகள் அதற்குள் போயின. அதற்குப் பிறகு அந்த அடுப்பில் சுட்ட இறைச்சிக்குப் பழைய ருசி வரவே இல்லை என்று லூசில் குறைபட்டுக்கொண்டதை பேக்கார்ட் தன் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார்.

வேடிக்கையாகச் சொல்லப்பட்ட செய்திதான். ஆனால் அந்த நிறுவனத்தின் முதல் தொழிற்சாலை 216 சதுர அடி மட்டுமல்ல என்பதையும் அது சொல்லிவிடுகிறது. உலை இருந்தது சமையலறையில்; நிதி வந்தது பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்திலிருந்து; கணக்கர் அதே பெண்மணி. வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது மட்டும் கராஜ்.

*

பத்தாண்டுகள் கழித்து, அட்லாண்டிக்கின் மறுகரையில் இன்னொரு கொட்டகை. வேல்ஸ் நாட்டின் லாக்கர்ன் என்ற சிற்றூரில், டாஃப் ஆற்றின் கழிமுகத்தைப் பார்த்தபடி குன்றின் சரிவில் ‘போட் ஹவுஸ்’ என்ற வீடு நிற்கிறது. வரலாற்றாசிரியர் ஏ.ஜே.பி. டெய்லரின் மனைவி மார்கரெட் டெய்லர், 1949-ல் அதை விலைக்கு வாங்கிக் கவிஞர் டிலன் தாமஸின் குடும்பத்துக்குக் குடியிருக்கக் கொடுத்தார். வீட்டிலிருந்து சற்று மேலே, பாதையோரமாக ஒரு மரக்கொட்டகை உண்டு. காரை நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட கொட்டகை அது. ஊருக்கு வந்த முதல் காருக்காக 1920-களில் எழுப்பப்பட்டது என்று சொல்வார்கள். தாமஸ் அதைத் தன் எழுத்தறையாக்கிக் கொண்டார். நிலக்கரிக் கணப்பு, மேசை, சுவரில் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள், கழிமுகத்தைக் காட்டும் சாளரம். ‘ஓவர் சர் ஜான்ஸ் ஹில்’ என்ற கவிதையின் குன்று அந்தச் சாளரத்தின் வழியே தெரிவதுதான். ‘அண்டர் மில்க் வுட்’ நாடகத்தின் பகுதிகளும் அங்கே எழுதப்பட்டன.

அவருடைய நாள் எப்படிக் கழிந்தது என்பது ஊரறிந்த விஷயம். காலையில் அதே ஊரில் வசித்த தந்தையைப் பார்த்துக் குறுக்கெழுத்துப் புதிர் போடுவார். பிறகு பிரவுன்ஸ் விடுதியில் மதுவும் ஊர்க்கதையும். பிற்பகல் இரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் போய் ஏழு மணிவரை எழுதுவார். சில நாட்களில் அவர் மனைவி கேட்லின் வெளியே பூட்டிவிட்டுப் போவார் என்றும் சொல்கிறார்கள். கவிஞரின் குடிப்பழக்கத்தைப் பற்றிய நகைச்சுவையாக இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

வேறொரு கோணத்தில் இதைப் பார்க்கலாம். பூட்டியவர் அந்த ஐந்து மணிநேரமும் எங்கே இருந்தார்? கீழே வீட்டில், மூன்று குழந்தைகளோடு. கடைசிக் குழந்தை பிறந்தது அந்த 1949-ஆம் ஆண்டில்தான். கேட்லின் நாட்டியம் பயின்றவர். ஒரு காலத்தில் அதையே தொழிலாகக் கொள்ள விரும்பியவர். மார்கரெட் டெய்லரின் கொடை கவிஞரை எண்ணிச் செய்யப்பட்டது. அவர் மனைவியின் கலைக்கு அதில் பங்கு இருக்கவில்லை. 1953 நவம்பரில் தாமஸ் நியூயார்க்கில் இறந்தார். கேட்லின் தன் முதல் நூலை வெளியிட்டது 1957-ல், கைம்பெண்ணாக. இன்று லாக்கர்ன் செல்லும் பயணிகள் கொட்டகையின் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். மேசைமேல் தாள்கள், நாற்காலியில் ஒரு கோட்டு. கவிஞர் இப்போதுதான் எழுந்து போனதுபோல வைத்திருக்கிறார்கள். பூட்டிய கையைப் பற்றிய நினைவு அந்த அறையில் இல்லை.

*

கதவு பூட்டப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரே பிராட்பரி சாட்சி. அறிவியல் புனைகதை வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் அவர் கராஜில் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு எழுதிய காலம் ஒன்றுண்டு. பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தபடி, குழந்தைகள் கராஜின் சன்னலுக்கு வந்து கண்ணாடியைத் தட்டிப் பாடுவார்கள். கதையை முடிப்பதா, பிள்ளைகளோடு விளையாடுவதா என்று தடுமாறி, விளையாடப் போய்விடுவார். எழுதினால்தான் குடும்பத்துக்கு வருமானம். அலுவலகம் வாடகைக்கு எடுக்கவோ பணம் இல்லை.

அவருக்கு வழிகாட்டியது ஒரு நூலகம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், பவல் நூலகத்தின் நிலவறையில் வாடகைத் தட்டச்சுப் பொறிகள் வரிசையாக இருந்தன. பத்து சென்ட் காசு போட்டால் அரைமணி நேரம் ஓடும். பிராட்பரி ஒன்பது நாட்களில் 9 டாலர் 80 சென்ட் செலவழித்து ‘தி ஃபயர்மேன்’ என்ற குறுநாவலை முடித்தார். கணக்குப் போட்டால் 49 மணிநேரம். 1951 பிப்ரவரியில் ‘கேலக்ஸி’ இதழில் அது வெளிவந்தது. அதை விரித்து எழுதியதே 1953-ல் நூலான ‘ஃபாரன்ஹீட் 451’. புத்தகங்களைக் கொளுத்தும் உலகத்தைப் பற்றிய நாவல் நூலகத்தின் அடித்தளத்தில் பிறந்தது என்பதைப் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய காட்சி. கராஜுக்குச் சுவரும் கூரையும் இருந்தன, நேரம் இருக்கவில்லை. அந்த நேரத்தை அரைமணிக்குப் பத்து சென்ட் என்று அவர் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. மணமான புதிதில் அவர் வீட்டில் இருந்து எழுதுவதற்காக வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவர் மனைவி மார்கரீட் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

*

பின்னால் வந்த கராஜ்கள் எல்லாம் இதே அமைப்பைத் திரும்பச் செய்தவைதான். 1976-ல் லாஸ் ஆல்டோஸ் நகரில் ஸ்டீவ் ஜாப்ஸின் வளர்ப்புப் பெற்றோர் வீட்டில் ஐம்பது கணினிப் பலகைகளுக்கான வேலை நடந்தது. தந்தை பால் ஜாப்ஸ், தான் பழைய கார்களைப் பழுது பார்த்துவந்த கராஜை ஒழித்துக் கொடுத்தார். சகோதரி பேட்டி, பலகைக்கு ஒரு டாலர் கூலிக்குச் சில்லுகளைப் பொருத்தினார். தாய் கிளாரா தொலைபேசிக்குப் பதில் சொன்னார். கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக், கராஜ் என்பதே ஓரளவு கட்டுக்கதை என்றும் அங்கே வடிவமைப்பு எதுவும் நடக்கவில்லை என்றும் 2014-ல் ஒரு பேட்டியில் சொன்னார். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டாலும், மற்றவர்கள் அந்த வீட்டில் செய்த வேலை கட்டுக்கதையாகிவிடாது.

1998-ல் மென்லோ பார்க்கில் சூசன் வொஜிஸ்கி தன் வீட்டு கராஜையும் சில அறைகளையும் மாதம் 1,700 டாலருக்கு இரண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டார். புதிதாக வாங்கிய வீட்டின் கடன் தவணையைக் கட்ட அந்தப் பணம் அவருக்குத் தேவையாயிருந்தது. குடிவந்த நிறுவனம் கூகுள். 1999-ல் அவரே அதில் வேலைக்குச் சேர்ந்து, 2014 முதல் 2023 வரை யூடியூபின் தலைவராக இருந்து, 2024-ல் மறைந்தார். கராஜ் கதைகளில் வீட்டுப் பெண்மணிக்கு வாடகையும் பெயரும் கிடைத்த அபூர்வமான கதை இது.

இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டியது 1994-ஆம் ஆண்டின் கதை. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரில் ஜெஃப் பெஸோஸ் வாடகைக்கு எடுத்த வீட்டின் கராஜ் ஏற்கெனவே அறையாக அடைக்கப்பட்டிருந்தது. ஆனால் குளிர்காப்பு இல்லை. நடுவே பெரிய இரும்புக் கணப்பு. மரக்கதவுகளை வாங்கிக் கால் பொருத்தி மேசையாக்கினார்கள். கணினிகள் இழுத்த மின்சாரத்தை கராஜின் இணைப்பால் தாங்க முடியவில்லை. ஆகவே வீட்டின் ஒவ்வொரு அறையிலிருந்தும் நீள்கம்பிகள் கராஜுக்குள் இழுக்கப்பட்டன. அதனால் வீட்டுக்குள் தலைமுடி உலர்த்தியையோ தூசி உறிஞ்சும் கருவியையோ போட முடியாமற் போயிற்று.

அந்த வீட்டில் இருந்தவர் மெக்கன்ஸி. பிரின்ஸ்டனில் டோனி மாரிசனிடம் புனைவெழுத்து பயின்றவர். நாவலாசிரியராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். புதிய புத்தக வணிகத்தின் தொடக்க காலக் கணக்குகளைப் பார்த்தவரும் காசோலைகளை எழுதியவரும் அவர்தான். அவருடைய முதல் நாவல் ‘தி டெஸ்டிங் ஆஃப் லூதர் ஆல்பிரைட்’ 2005-ல் வெளிவந்தது. எழுதி முடிக்கப் பத்தாண்டுகள் ஆயின என்று அவரே சொல்லியிருக்கிறார். கராஜில் தொடங்கிய கடை அதற்குள் உலகெங்கும் நாவல்களை விற்றுக்கொண்டிருந்தது. பத்தாண்டுத் தாமதத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல நான் முனையவில்லை. நாவல்கள் அவற்றுக்குரிய காலத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆயினும், வீட்டிலிருந்து கராஜுக்கு ஓடிய அந்தக் கம்பிகளை நினைத்துப் பார்க்காமல் இந்தக் கதையைப் படிக்க என்னால் முடிவதில்லை.

*

சட்டமும் இந்த அறையைப் பார்த்திருக்கிறது. 1976-ல் அமெரிக்க வரிச்சட்டம் வீட்டு அலுவலகத்துக்கான கழிவுக்குக் கடுமையான நிபந்தனை விதித்தது. இடம் தொழிலுக்காகத் தவறாமல் பயன்பட வேண்டும். வேறெதற்கும் பயன்படக் கூடாது. அறை முழுவதும் அலுவலகமாக இருக்க வேண்டியதில்லை. கராஜின் ஒரு மூலை என்றாலும் போதும். நிலையான தடுப்பு இல்லாவிட்டாலும், தனித்து அடையாளம் காணக்கூடியதாக இருந்தால் சரி. 1993-ல் ஒரு மயக்க மருந்து நிபுணரின் வழக்கில், அவர் தினமும் இரண்டு மூன்று மணிநேரம் கணக்குவழக்குப் பார்த்த வீட்டறை அவருடைய தலைமைப் பணியிடம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997-ல் சட்டமியற்றுவோர் அந்த விதியைத் தளர்த்தினர். மாதச் சம்பளக்காரர்களுக்கு மத்திய வரியில் இருந்த இந்தச் சலுகை 2018 முதல் இல்லாமற் போனது.

வரி அதிகாரி சதுர அடியை அளக்கிறார். அந்தச் சதுர அடிகளில் வேறெதுவும் நடக்கக் கூடாது என்கிறார். நடக்காமல் பார்த்துக்கொள்பவர் யார் என்ற கேள்வி படிவத்தில் இல்லை.

எழுதும் பெண்ணுக்குப் பணமும் தாழிடக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல் வாதிட்டார். ஆண்டுக்கு ஐந்நூறு பவுன் என்று தொகையையும் சொன்னார். அவரே 1934-ல் ராட்மெல் கிராமத்தில், தன் வீட்டுத் தோட்டத்தின் கோடியில் ஓர் எழுத்தறையை அமைத்துக்கொண்டார். அதே ஆண்டில்தான், 1916 முதல் அந்தக் குடும்பத்துக்குச் சமைத்துவந்த நெல்லி பாக்ஸாலுக்கும் அவருக்கும் இருந்த நெடுநாள் மனத்தாங்கல் முற்றி நெல்லி வேலையிலிருந்து அனுப்பப்பட்டார். அறைக்கும் பணத்துக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று தேவைப்படுகிறது. கதவுக்கு வெளியே உள்ள உலகத்தை வேறொருவர் அந்நேரம் தாங்கிக்கொள்ள வேண்டும். வுல்ஃபின் வீட்டிலும் அது இருந்தது; அதற்குக் கூலியும் பெயரும் இருந்ததால் நமக்குத் தெரிகிறது.

இதையெல்லாம் சொல்வது கராஜில் எழுதியவர்களையும் உழைத்தவர்களையும் சிறுமைப்படுத்த அல்ல. தாமஸின் கவிதைகள் அந்தக் கொட்டகை இல்லாமல் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. வீட்டோடு வேலை செய்வது பலருக்கும் நிலைத்துவிட்ட இக்காலத்தில், புராணத்தை நம்பி அறை கட்டுபவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கராஜின் ஒரு பகுதியைத் தடுத்து அலுவலகமாக்குவதற்கான வரைபடத்தில் தளத்தின் உயரம், சுவரின் கனம், மின்கம்பியின் பாதை எல்லாம் இருக்கும். அந்த வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வீட்டிலுள்ளவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு: உள்ளே ஒருவர் இருக்கும் நேரத்தில் வெளியே இருப்பவர் யார்? அவர் உள்ளே போக வேண்டிய நேரம் எது?